ஃபர்னஸ் பற்றவில்லை: மாதக் கட்டணத் திட்டமும் ஒரு தனியாள் டெக்னீஷியனும்

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், நேரமிருப்பவர்கள் மிச்சத்தை வாசியுங்கள். ஃபர்னஸ், அதுதான் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் இயந்திரம், பழுதானால் வந்து பார்ப்பதற்கென்று மாதாமாதம் முப்பது டொலருக்குக் கொஞ்சம் குறைவாகக் கட்டிவந்த பாதுகாப்புத் திட்டத்துக்கு ஐந்தில் ஒன்றரைப் புள்ளி. "இது முடிஞ்சுது, புதிசுதான் போடவேணும்" என்று அந்தத் திட்டத்தின் ஆள் சொல்லிவிட்டுப் போன அதே ஃபர்னஸை, மெல்லிய ஒரு கம்பியைக் கழற்றித் துடைத்துப் பற்றவைத்துவிட்டுப் போன தனியாள் டெக்னீஷியனுக்கு நாலரை. கொம்பனியின் பெயரைப் போடவில்லை. ரொறன்ரோ பக்கம் இந்த மாதிரித் திட்டம் விற்பவர்கள் பலர், நான் எடுத்துப் பார்த்த வேறு ஒப்பந்தங்களிலும் சின்ன எழுத்தில் கிட்டத்தட்ட இதே வசனங்கள்தான், ஆகவே ஒருவரை மட்டும் பிடித்துத் திட்டுவதில் பிரயோசனமில்லை. டெக்னீஷியனின் பெயரையும் போடவில்லை, அவர் விரும்பவில்லை, இருக்கிற வேலையே காணும் என்றார்.

வீடு ஸ்காபரோவில். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஓடிய ஹை எஃபிஷியன்சி காஸ் ஃபர்னஸ், பக்கச் சுவரால் இரண்டு வெள்ளை பி.வி.சி. குழாய்கள் வெளியே போகும் வகை. ஜனவரியில், வெளியே மைனஸ் இருபதுக்குக் கீழே போயிருந்த இரவில், வீடு மெதுவாகக் குளிர ஆரம்பித்தது. தெர்மோஸ்டாட் 21 கேட்கிறது, காட்டுவது 17. மேலே இருந்த எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் பெடியனின் கட்டில் ஃபர்னஸ் அறைச் சுவரோடு இருப்பதால் அவனுக்குத்தான் எல்லாம் கேட்டிருக்கிறது. அவன் சொன்ன விதம் எந்த டெக்னீஷியனின் ரிப்போர்ட்டையும் விடத் தெளிவு: "முதல் ஒரு விசிறிச் சத்தம், கொஞ்ச நேரத்தில் டிக் என்று ஒன்று, பிறகு பூஃப் என்று பத்துது, உடனே நிக்குது, திரும்ப முதலிலிருந்து. மூன்று நாலு தரம் இப்பிடிச் செய்துபோட்டுப் பேசாமல் இருக்குது அண்ணை."

இந்த ஒரு வசனத்தை வைத்தே நோயைக் கிட்டத்தட்டக் கண்டுபிடிக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அதனால் ஃபர்னஸ் எந்த வரிசையில் வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், வீட்டுக்கு வருகிற ஆளை எடைபோட இதைவிட வேறு வழியில்லை.

கோயில் பூசை மாதிரி, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. தெர்மோஸ்டாட் 24 வோல்ட் கம்பியால் "சூடு வேண்டும்" என்று ஃபர்னஸின் மூளையான கன்ட்ரோல் போர்டுக்குச் சொல்கிறது. போர்ட் முதலில் இன்டியூசர் என்ற சின்ன விசிறியை ஓடவிடுகிறது. அது உள்ளே மிச்சமிருக்கும் காஸையும் புகையையும் வெளியே தள்ளி, வெளிக்குழாய் அடைபடாமல் இருக்கிறது என்பதையும் காட்டிக்கொடுக்கிறது. காற்று ஒழுங்காக ஓடினால் பிரஷர் சுவிட்ச் மூடும், ஒரு ரப்பர் குழாயோடு இணைந்த வட்டமான சாமான் அது. அந்தச் சுவிட்ச் மூடாமல் ஃபர்னஸ் ஓரடி முன்னால் வைக்காது. மூடிய பிறகு காஸைப் பற்றவைக்கும் இக்னைட்டர் சூடேறும், 1000 பாகை செல்சியஸுக்கு மேலே போய் மஞ்சளும் செம்மஞ்சளுமாகத் தகதகக்கும். பிறகு டிக் என்று காஸ் வால்வு திறக்கும், பர்னர் பற்றும். பற்றிய சில விநாடிகளுக்குள் ஃபிளேம் சென்சர் "நெருப்பு இருக்கிறது" என்று போர்டுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எரியாத காஸ் வீட்டுக்குள் சேர்கிறது என்று எடுத்துக்கொண்டு போர்ட் வால்வை மூடிவிடும். சொன்னால் மட்டும் அரை நிமிடமளவில் பெரிய விசிறி ஓட ஆரம்பித்துச் சூடான காற்று மேலே வரும். பற்றாவிட்டால் போர்ட் சில தரம் முயற்சி செய்துவிட்டுப் பூட்டிக்கொள்ளும், பல மாடல்களில் ஒரு மணி நேரத்துக்கு. அதற்குப் பிறகு தானாகத் திரும்ப முயற்சி செய்யும். பெடியன் கேட்ட "பேசாமல் இருக்குது" அதுதான்.

ஆக, எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்துக்கு முன்னாலும் பின்னாலும் தேடினால் போதும். இன்டியூசரே ஓடவில்லை என்றால் மின்சாரம், தெர்மோஸ்டாட், ஃபியூஸ், கதவுச் சுவிட்ச், அல்லது அந்த மோட்டாரே போயிருக்கும். இன்டியூசர் ஓடுகிறது, ஆனால் இக்னைட்டர் சிவக்கவில்லை என்றால் வெளிக்குழாயில் பனி, தண்ணீர் வடியும் குழாயில் அடைப்பு, பிரஷர் சுவிட்ச், அல்லது இக்னைட்டரில் வெடிப்பு. இக்னைட்டர் சிவக்கிறது, நெருப்பு வரவில்லை என்றால் காஸ் வருகிறதா, வால்வு திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்களுடையது பற்றிச் சில விநாடியில் அணைகிற ரகம். அப்படியென்றால் அதுவரை எல்லாம் சரி என்று ஃபர்னஸே சொல்லிவிட்டது, முதல் சந்தேகம் ஃபிளேம் சென்சர்தான். இது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பால பாடம் என்று இப்போது விளங்குகிறது, அதனால்தான் கோபமும் கூட.

சரி, இப்போது திட்டக்காரருக்கு வருவோம்.

வீட்டில் சூடு இல்லை என்றால் முன்னுரிமை என்று விளம்பரத்தில் பெரிதாக இருந்தது. போன் எடுத்தபோது அடுத்த நாள் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் இடையில் ஆள் வருவார் என்றார்கள். அந்த இடைவெளியில் ஒரு நேரத்தைக் கேட்டால் சொல்ல மாட்டார்கள், வருமுன் அரை மணி நேரத்தில் போன் வருமாம். மின்சார ஹீட்டர் இரண்டை எடுத்து வைத்தோம். ஒவ்வொன்றும் 1500 வாட், இரண்டையும் ஒரே அறையில் செருகினால் 15 அம்பியர் பிரேக்கர் விழுந்துவிடும், அதனால் மேலே ஒன்று, பேஸ்மென்டில் பெடியனுக்கு ஒன்று. குழாய்த் தண்ணீர் உறையாமல் இருக்க வெளிச்சுவர்ப் பக்கப் பைப்புகளை மெல்லிய நூலாக ஓடவிட்டோம். வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தால் பொழுது பட்ட பிறகு வந்தார்.

வந்தவர் மரியாதையான ஆள், அதில் குறை சொல்ல மாட்டேன், சப்பாத்துக்கு மேலே உறை போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார். ஆனால் அவர் செய்த முதல் வேலை ஃபர்னஸின் பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் தயாரித்த ஆண்டைப் பார்த்ததுதான். கதவைத் திறக்குமுன்னே "இது பழசு" என்றார். கதவைக் கழற்றி, ஒரு தரம் ஓடவிட்டுப் பார்த்தார். பற்றியது, அணைந்தது. போர்டில் சின்ன விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. எத்தனை தரம் மினுங்குகிறது என்று எண்ணி, கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையோடு ஒப்பிட்டால் பழுது எந்தப் பக்கம் என்று ஃபர்னஸே சொல்லும், அதற்குத்தான் அந்த அட்டவணை. அவர் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. மீட்டர் பையை விட்டு வெளியே வரவேயில்லை. "கன்ட்ரோல் போர்ட் போய்விட்டது" என்றார்.

போர்டுக்கு விலை கேட்டேன். பத்து வருடத்துக்கு மேற்பட்ட ஃபர்னஸுக்குப் போர்ட், ஹீட் எக்ஸ்சேஞ்சர் இரண்டும் திட்டத்தில் சேராது, தனியாகத்தான் கட்டவேண்டும் என்றார். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் உண்மைதான், சின்ன எழுத்தில் இருக்கிறது. ஃபர்னஸில் பழுதாக வாய்ப்பில்லாத காலத்தில் எல்லாம் சேரும், பழுதாகிற வயது வந்ததும் விலையான சாமான்கள் வெளியே போய்விடும். இப்படி ஒரு திட்டத்தை எழுதியவர் நல்ல கெட்டிக்காரர். பிறகு டாப்லெட்டை எடுத்துப் புதிய ஃபர்னஸை வாடகைக்கு எடுத்தால் மாதம் எவ்வளவு என்று காட்டினார். மூன்றிலக்கத் தொகை, பத்து வருட ஒப்பந்தம், வருடாவருடம் கொஞ்சம் கூடும் என்ற வசனத்தோடு. இன்று இரவு கையெழுத்து வைத்தால் நாளைக்கே பூட்டலாமாம். குளிரில் பிள்ளைகளோடு நிற்கிறவனிடம் இதைக் கேட்டால் எத்தனை பேர் மாட்டேன் என்பார்கள்?

நான் கொஞ்சம் தயங்கியதைப் பார்த்துவிட்டு இன்னொன்று சொன்னார்: "ஹீட் எக்ஸ்சேஞ்சரிலும் வெடிப்பு இருக்கலாம், கார்பன் மொனொக்சைட் வரும், கவனம்." இதைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும், ஏனென்றால் அந்த ஆபத்து உண்மையானது. ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்பது நெருப்புப் போகும் பக்கத்தையும் வீட்டுக் காற்றுப் போகும் பக்கத்தையும் பிரிக்கும் உலோகச் சுவர். அது வெடித்தால் புகை வீட்டுக்குள் கலக்க வழி இருக்கிறது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை, ஆளைக் கொல்லும். காஸ் ஃபர்னஸ் உள்ள வீடுகளுக்கு அலாரம் கட்டாயம் என்று ஒன்ராறியோவில் 2014இல் விதி வந்தது சும்மா இல்லை. ஆனால் "இருக்கலாம்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போகிற விஷயமல்ல இது. இங்கே காஸ் வேலை செய்கிறவர் டி.எஸ்.எஸ்.ஏ. என்ற அமைப்பின் உரிமம் வைத்திருக்க வேண்டும், ஜி1, ஜி2, ஜி3 என்று தரம் இருக்கிறது. உடனடி ஆபத்து என்று அவர் கண்டால் அந்த இடத்திலேயே காஸை மூடி, எழுத்தில் கொடுத்தாக வேண்டும், அதைத்தான் ரெட் டாக் என்கிறோம். எங்கள் ஆள் டாக் எதுவும் போடவில்லை, காஸை மூடவில்லை, வெடிப்பைப் படம் எடுத்துக் காட்டவுமில்லை. எங்கே வெடிப்பு, காட்டுங்கள், உங்கள் மீட்டரில் கார்பன் மொனொக்சைட் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டேன். அதற்கு வேறு கருவி வேண்டும் என்றார். அத்தோடு எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. உண்மையிலேயே உங்கள் வீட்டில் ரெட் டாக் போட்டால் மட்டும் அதை மதியுங்கள், கிழித்துவிட்டுத் திரும்ப ஓடவிடாதீர்கள், வேறு ஒருவரை அழைத்துச் சரிபார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அடுத்த நாள் மனைவியின் வேலைத்தலத்தில் ஒருவர் கொடுத்த நம்பருக்கு அடித்தேன். தமிழ் ஆள், ஜி2 உரிமம், தன்னுடைய வேனில் தானே வருகிறவர். போனிலேயே கேட்டது, "தம்பி, பத்துதா, பத்தாமல் நிக்குதா?" பற்றி அணைகிறது என்றேன். "எத்தினை செக்கன்?" என்றார். மூன்று நாலு இருக்கும் என்றேன். "அப்ப சென்சராத்தான் இருக்கும், வந்து பாப்பம். அதுக்குள்ள போய் வெளியில இருக்கிற குழாயில பனி மூடியிருக்கோ பாத்துவிடும்" என்றார். போனில் இந்தக் கேள்விகளைக் கேட்கிற ஆளை நம்பலாம், இது என்னுடைய அளவுகோல்.

வந்தவர் அவசரப்படவில்லை. முதலில் ஃபில்டரை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு விளக்கு மினுங்குவதை எண்ணி அட்டவணையைப் பார்த்தார், ஃபிளேம் தெரியவில்லை என்று காட்டியது. அதற்குப் பிறகும் நேரே சென்சரைக் கழற்றவில்லை. மீட்டரை மைக்ரோ அம்பியருக்கு மாற்றி, சென்சருக்குப் போகும் ஒற்றைக் கம்பியோடு தொடராக இணைத்து ஃபர்னஸை ஓடவிட்டார். நெருப்புப் பற்றிய அந்தச் சில விநாடிகளில் 0.4 காட்டியது. "ஒண்டுக்குக் கீழ போனால் போர்ட் நம்பாது" என்றார். நல்ல நிலையில் உள்ள ஒன்றில் இரண்டிலிருந்து ஆறு வரை வரலாம், மாடலைப் பொறுத்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. சென்சர் வெப்பத்தை அளக்கும் சாமான் அல்ல. ஒரு சாதாரண உலோகக் கம்பிதான், ஒரு முனையில் வெள்ளைப் பீங்கான் பிடி. போர்ட் அந்தக் கம்பிக்கு ஏசி மின்சாரம் அனுப்புகிறது. நெருப்பு இருந்தால் அதிலுள்ள வாயு அயனாகி மின்சாரத்தைக் கொஞ்சம் கடத்தும். கம்பி சின்னது, மறுபக்கம் நிலத்தோடு இணைந்திருக்கும் பர்னர் பெரியது, அதனால் மின்னோட்டம் ஒரு பக்கமாகவே கூடப் போகும், போர்டுக்கு அது டிசியாகத் தெரியும். டிசி தெரிந்தால் நெருப்பு, தெரியாவிட்டால் நெருப்பில்லை. கம்பிக்கு மேலே சிலிக்காப் படலம் ஒன்று படிந்துவிட்டால், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு மெல்லிய படலம்தான், அது மின்சாரத்தை மறித்துவிடும். எதிரே நெருப்பு கொழுந்துவிட்டு எரிந்தாலும் போர்ட் "இல்லை" என்று வால்வை மூடும். பர்னருக்கு நிலக் கம்பி ஒழுங்காக இல்லாவிட்டாலும் இதே கோளாறு வரும், அதனால் அவர் அந்தத் திருகாணியையும் கழற்றித் துருவைச் சுரண்டி இறுக்கினார். சென்சரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகாணி. கழற்றி, நுண்ணிய இரும்பு நார் வைத்துத் தேய்த்து, துணியால் துடைத்துத் திரும்பப் போட்டார். மீட்டரில் 3க்கு மேல் வந்தது. பெரிய விசிறி ஓட ஆரம்பித்தது. பேஸ்மென்டில் பெடியன் கைதட்டினான்.

போர்ட் போய்விட்டது என்ற கதையைப் பற்றியும் கேட்டேன். போர்டில் ஃபிளேம் பார்க்கும் பகுதி போகவும் கூடும், இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதைச் சொல்லுமுன் சென்சரையும் நிலக் கம்பியையும் பார்க்காமல் சொல்வது சரியில்லை என்றார். மற்ற ஆளைத் திட்டச் சொல்லி நான் வாயைக் கிளறினாலும் அவர் திட்டவில்லை. "அவைக்கும் மேலிடத்தால நெருக்குதல் இருக்கும் தம்பி" என்று விட்டுவிட்டார். ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கமெரா விட்டுப் பார்த்தார், சூடான காற்று வரும் வாயில் கார்பன் மொனொக்சைட் மீட்டரையும் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை. இதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. தண்ணீர் வடியும் பொறியை, அதாவது வடிகுழாயில் தண்ணீர் தேங்கி நிற்கும் சின்னப் பகுதியை, கழற்றிக் கழுவினார், கறுப்பாகச் சளி மாதிரி ஒன்று வந்தது. ஹை எஃபிஷியன்சி ஃபர்னஸ்கள் புகையிலுள்ள நீராவியையும் குளிரவைத்துத் தண்ணீராக்கி அந்தச் சூட்டையும் எடுத்துக்கொள்பவை, அதனால் குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும், அந்த வழி அடைபட்டால் பிரஷர் சுவிட்ச் மூடாது. 2009 டிசம்பர் கடைசியிலிருந்து கனடாவில் 90 வீதத்துக்குக் குறைந்த திறனுள்ள வீட்டு காஸ் ஃபர்னஸ் விற்க முடியாது, 2019 ஜூலையிலிருந்து 95 வீதம். ஆகவே அதற்குப் பிறகு மாற்றியவர்கள் வீட்டில் இந்தப் பொறி இருக்கும், யாராவது அதைக் கழுவினார்களா என்று கேளுங்கள்.

கூலி 120 டொலர், மேலே 13 வீத எச்.எஸ்.டி. விற்பனை வரி. ரசீது தந்தார், அதில் உரிம எண் இருந்தது. சென்சரை அடுத்த தரம் தேய்க்காமல் மாற்றிவிடலாம், சாமான் இருபது முப்பது டொலருக்குள்தான், மாடல் எண்ணைச் சொல்லி வாங்கி வையுங்கள் என்றார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். திட்டத்துக்கு வருடத்துக்கு முந்நூறு டொலருக்கு மேல் கட்டினேன். அதில் வருடத்துக்கு ஒரு தரம் டியூன் அப் என்ற பராமரிப்பு வேலை செய்வதும் அடக்கம், அந்த இலையுதிர் காலத்தில் செய்தும் இருந்தார்கள். ஃபில்டரைப் பார்த்தார், கதவைத் திறந்து டோர்ச் அடித்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். டியூன் அப் என்று பெயர் வைத்து விற்கும் எவரும் முதலில் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று இந்த ஃபிளேம் சென்சரைத் துடைப்பது. அதைச் செய்திருந்தால் ஜனவரியில் இந்தக் கூத்து இல்லை. அந்த ஒன்றரைப் புள்ளியையே நான் கொடுத்தது சப்பாத்து உறைக்கும், போன் எடுத்த பிள்ளையின் பொறுமைக்கும்தான்.

ஆனாலும் இந்தத் திட்டம் எவருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்டியூசர் மோட்டாரோ பெரிய விசிறியின் மோட்டாரோ போனால் பல நூறு டொலர் ஒரேயடியாக வரும், ஃபர்னஸ் வயது குறைவாக இருந்து இவை திட்டத்தில் சேருமென்றால் கணக்கு வேறு. தனியாக இருக்கும் வயதானவர்கள், வீட்டை வாடகைக்கு விட்டு வேறு ஊரில் இருப்பவர்கள், நடு இரவில் ஒரு நம்பருக்கு அடித்தால் யாராவது எடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் வைத்திருக்கலாம். சேருமுன் கேட்க வேண்டியது: எத்தனை வயது வரை எந்தெந்தச் சாமான் சேரும், வருடத்துக்கு அவர்கள் பொறுப்பெடுக்கும் உச்சத் தொகை எவ்வளவு, டியூன் அப்பில் என்னென்ன செய்வார்கள். எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

டெக்னீஷியனுக்கு ஏன் முழு ஐந்து இல்லை என்றால், ஆளைப் பிடிப்பது கஷ்டம். கடும் குளிர் நாட்களில் போன் எடுக்கவே மாட்டார், வொய்ஸ் மெயில் நிரம்பிவிடும், மெசேஜ் போட்டால்தான் பதில். சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் பிந்தி வந்தார். கார்ட் எடுக்க மாட்டார், ஈ டிரான்ஸ்ஃபர் அல்லது காசு. இன்டியூசர் மாதிரிப் பெரிய சாமான் என்றால் வேனில் இருக்காது, சப்ளை ஹவுஸ் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

யாரையும் அழைக்குமுன் நீங்களே பார்க்கக்கூடியவை சில இருக்கின்றன. ஃபர்னஸுக்குப் பக்கத்திலோ பேஸ்மென்ட் படிக்கட்டிலோ லைட் சுவிட்ச் போலவே ஒன்று இருக்கும், பிள்ளைகளோ சாமான் தூக்கியவர்களோ அதை அணைத்துவிட்டிருப்பார்கள், கேட்டால் யாரும் தொடவில்லை என்பார்கள். தெர்மோஸ்டாட்டில் பட்டரி. பிரேக்கர். ஃபில்டரை மாற்றிய கையோடு ஃபர்னஸ் செத்துவிட்டதென்றால் கதவு ஒழுங்காகப் பொருந்தவில்லை, உள்ளே கதவு திறந்தால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச் இருக்கிறது, அழுத்தி மூடுங்கள். ஃபில்டர் புழுதி நிறைந்து அடைத்திருந்தால் உள்ளே சூடு கூடி லிமிட் சுவிட்ச் நெருப்பை அணைத்துவிடும், அப்போது கொஞ்ச நேரம் எரிந்து அணையும், எங்களுடையதுபோல் சில விநாடியில் அல்ல. காற்றை இன்னும் சுத்தமாக்கும் என்று ஒரு அங்குல மெர்வ் 13 ஃபில்டரை (மெர்வ் என்பது வடிகட்டும் தரம், எண் கூடினால் நெருக்கமும் கூடும்) வாங்கிப் போடுபவர்களும் இதே வலையில் விழுகிறார்கள், எல்லா ஃபர்னஸும் அதன் ஊடாக மூச்சுவிடாது. சமையலறையில் காஸ் அடுப்பு இருந்தால் எரிகிறதா என்று பாருங்கள், அதுவும் எரியவில்லையென்றால் பிரச்சினை காஸ் வரும் வழியில். வெளியே இரண்டு வெள்ளைக் குழாய்களின் வாயில் பனியோ ஐஸோ இருந்தால் கையால் அகற்றுங்கள், பெரிய பனிப்புயலுக்கு அடுத்த நாள் வரும் அழைப்புகளில் இது நிறைய என்று அந்த டெக்னீஷியன் அண்ணை சொன்னார். டிரைவ்வேப் பனியைத் தள்ளும்போது அந்தக் குழாய்ப் பக்கம் குவிக்காதீர்கள்.

எங்கள் தெருவில் முந்திய காலத்து ஐயா ஒருவர், "பைலட் அணைஞ்சிருக்கும், நெருப்புக்குச்சி வை" என்று தீப்பெட்டியோடு வந்தார். நல்ல மனிதர், ஆனால் இந்த வகை ஃபர்னஸில் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் பைலட் என்ற சின்னச் சுடரே கிடையாது, எரியும் குச்சியைக் கொண்டு உள்ளே போக எந்த இடமும் இல்லை. அதேபோல இக்னைட்டரைக் கையால் தொடாதீர்கள். சிலிக்கன் கார்பைட் வகை கண்ணாடிபோல நொறுங்கும், விரல் எண்ணெய் பட்ட இடம் சீக்கிரம் எரிந்து வெடிக்கும். பிரஷர் சுவிட்சையோ ரோல் அவுட் சுவிட்சையோ கம்பி போட்டுத் தாண்டிவிடும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, வேண்டாம். ரோல் அவுட் சுவிட்ச் விழுந்திருக்கிறதென்றால் நெருப்பு போகக்கூடாத பக்கம் போயிருக்கிறது, அதைச் சும்மா அழுத்தி ரீசெட் செய்யக்கூடாது, ஆளை அழையுங்கள். அழுகிய முட்டை மணம் வந்தால் சுவிட்ச் எதையும் போடாமல் அணைக்காமல் எல்லோரும் வெளியே போய், அங்கிருந்து காஸ் வழங்குபவரின் அவசர நம்பருக்கோ 911க்கோ அடியுங்கள். இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு காஸ் வழங்குபவர் என்பிரிட்ஜ் காஸ். கசிவைப் பார்க்க அவர்கள் வருவார்கள், ஃபர்னஸ் திருத்த வரமாட்டார்கள்.

வாடகை ஒப்பந்தம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், நம்முடைய ஆட்கள் இதில் நிறையப் பேர் மாட்டியிருக்கிறார்கள். 2018 மார்ச் 1இலிருந்து ஒன்ராறியோவில் அழைக்காமல் கதவைத் தட்டி ஃபர்னஸ், ஏசி, வாட்டர் ஹீட்டர் விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ முடியாது. வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, பிரதி கையில் கிடைத்துப் 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே முறிக்கலாம். இதைவிட மோசமாக இருந்தது, வாடகைச் சாமானில் தங்களுக்கு உரிமை இருக்கிறது என்று கொம்பனிகள் வீட்டு உறுதியில் பதிந்துவந்த நோசி என்ற அறிவித்தல். மாத வாடகைக்கு ஒரு வாட்டர் ஹீட்டர் எடுத்தவர்கள் வீட்டை விற்கப்போன நாளில் லோயர் சொல்லித்தான் தெரியவந்தது, அதை அகற்ற ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். 2024 ஜூனில் மாகாண அரசு வீட்டுப் பாவனைச் சாமான்களுக்கு அந்தப் பதிவைத் தடைசெய்தது. ஆனால் ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் காசைக் கட்ட வேண்டிய கடமை அதனால் போய்விடாது. பன்னிரண்டு வருட ஃபர்னஸ் ஒருநாள் உண்மையாகவே சாகும். அப்போது ரொக்கமாகவோ வங்கிக் கடனாகவோ வாங்குங்கள், மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள், குளிர் நடுவில் இரவு எட்டு மணிக்கு டாப்லெட்டில் கையெழுத்து வைக்காதீர்கள்.

திட்டத்தை நிறுத்தக் கேட்டபோது முப்பது நாள் முன்னறிவிப்பு எழுத்தில் வேண்டும் என்றார்கள், போனில் சொன்னது கணக்கில் இல்லையாம். மின்னஞ்சல் போட்டேன், பதிலாக, முதல் மூன்று மாதம் பாதி விலை என்று ஒரு சலுகை வந்தது. திரும்பவும் எழுதினேன். கடைசியாக ஒரு மாதக் கட்டணம் கூடப் பிடித்தார்கள், அதைக் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை, வந்தால் ஒன்றரையை இரண்டாக்கிவிடுகிறேன்.